பனிமலைப் பந்தய விளையாட்டு: காசு கொடுப்பதற்கு முன் படிக்க

ஸ்டீப் என்ற பனிச்சறுக்கு விளையாட்டை வாங்கி, அதில் ஒரு பந்தயத்தை விழாமல் முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் விளையாடிய நேரம் கொஞ்சம்தான். தவறான பதிப்பை வாங்கினேன். ஓடாத லேப்டாப்பில் ஓட்டப் பார்த்தேன். கணக்குத் திறக்கும் திரையிலேயே உட்கார்ந்து, பணம் திரும்ப வாங்கும் நேரத்தைக் கரைத்தேன். எல்லாம் சரியான பிறகு கீபோர்டால் திருப்ப முடியாமல் மரத்துக்கு மரம் மோதினேன். பனியை நேரில் பார்த்ததே இல்லை என்பதும் ஒரு குறை. ஸ்கீ, அதாவது காலில் கட்டும் நீளமான சறுக்குப் பலகை, எப்படித் திரும்பும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

இதே வழியில் இன்று இறங்க நினைக்கிறவருக்கு இவ்வளவு நாள் ஆகாது, வரிசை மட்டும் சரியாக இருந்தால். நான் தலைகீழாகப் போனேன்: முதலில் காசு, பிறகு கணினி, கடைசியில் பழக்கம். நீங்கள் கணினியை ஒருமுறை பார்த்துவிட்டு, பழக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

1. கணினி என்ன கணினி என்று பாருங்கள்

எந்தக் கடைக்கும் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது. விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும், கடைசியில் ஜிபியு, அதாவது திரையில் படம் வரையும் சிப். மெமரி எத்தனை ஜிபி, ஜிபியுவின் பெயர் என்ன, டிஸ்க்கில் காலி இடம் எவ்வளவு (இதை மட்டும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பார்க்க வேண்டும்) என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைப் பக்கத்தின் அடியில் குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கும் தேவை என்று இரண்டு பட்டியல் இருக்கும். உங்கள் தாளைப் பரிந்துரைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். குறைந்தபட்சப் பட்டியல் என்பது விளையாட்டு திறக்கும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். பந்தய விளையாட்டில் படம் திக்கித் திக்கி வந்தால் நேரம் எடுக்கவே முடியாது.

லேப்டாப்காரர்களுக்கு இரண்டு பொறி உண்டு. பல லேப்டாப்களில் ஜிபியு இரண்டு இருக்கும்: சிபியுவோடு ஒட்டிய சாதாரணமான ஒன்று, தனியாகப் பொருத்திய பலமான ஒன்று. விளையாட்டு சில சமயம் சாதாரணமானதிலேயே ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய், அந்த விளையாட்டைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்துவிடுங்கள். இரண்டாவது, சார்ஜரைச் செருகாமல் விளையாடாதீர்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த இரண்டும் தெரியாமல், "இந்த மெஷினுக்கு இது ஆகாது" என்று ஒரு வாரம் கைவிட்டு வைத்திருந்தேன்.

ஜிபியு பெயரைப் பார்த்து உங்கள் கணினி தாங்காது என்று தெரிந்தாலும் பரவாயில்லை. அடுத்த இரண்டு படிகளுக்கு எந்தப் பழைய கணினியும் போதும்.

2. ஸ்கீஃப்ரீயில் ஒரு மாலை

1991இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சின்ன விளையாட்டு இது. வெள்ளைத் திரையில் ஒரு குட்டி மனிதன் கீழே சறுக்கிக்கொண்டு போவான், அவ்வளவுதான். இலவசம். பழைய பதிப்பு 16 பிட் என்பதால் இன்றைய 64 பிட் விண்டோஸில் திறக்காது. அதை எழுதியவரே பிறகு 32 பிட் பதிப்பைத் தன் பக்கத்தில் வைத்தார், அதுதான் வேண்டும். பதிவிறக்கவே வேண்டாம் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவில் பிரவுசரிலேயே ஓடும். கணக்கு வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். யாராவது இதற்குக் காசு கேட்டால் தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

இதில் கற்க வேண்டியது ஒன்றுதான்: கொடிகளைச் சரியான பக்கமாகத் தாண்டுவது. ஸ்லாலம், அதாவது கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் தடத்தில் ஒவ்வொரு கொடியையும் எந்தப் பக்கம் தாண்ட வேண்டும் என்று உண்டு. தவறவிட்டால் நேரத்தில் அபராதம். பத்து முறை இறங்கினால், கண் இப்போதைய கொடியை விட்டு அடுத்த கொடிக்குத் தானாகப் போகப் பழகும். எஃப் பொத்தானை அழுத்தினால் வேகம் கூடும். பல வருடம் விளையாடியவர்களுக்கே இது தெரியாது.

தடம் முடிந்த பிறகும் கீழே போய்க்கொண்டே இருந்தால் 2000 மீட்டர் வாக்கில் ஒரு பனிமனிதன் ஓடி வந்து உங்களை விழுங்கிவிடுவான். கணினி பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அதுதான் விளையாட்டு.

3. எக்ஸ்ட்ரீம் டக்ஸ் ரேசர்: உண்மையான பள்ளிக்கூடம்

இதுவும் இலவசம், திறந்த மூலம். ஸ்கீ கிடையாது, ஒரு பெங்குயின் வயிற்றைத் தரையில் வைத்து மலையிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும், வழியில் கிடக்கும் ஹெர்ரிங் மீன்களைப் பொறுக்கும். குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சரிவு, உராய்வு, காற்று மூன்றையும் இது நேர்மையாகக் கணக்கிடுகிறது. ஸ்டீப்பில் நான் கற்றதில் பாதியை இதிலேயே கற்றிருக்கலாம்.

எங்கே எடுப்பது: சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் உள்ள அதன் சொந்தப் பக்கத்தில் விண்டோஸ் கோப்பு இருக்கிறது. உபுண்டு, டெபியன் என்றால் மென்பொருள் கடையிலேயே கிடைக்கும். தேடுபொறியில் பெயரைப் போட்டு முதலில் வரும் தளத்தில் "டவுன்லோடு" என்று பச்சையாக மின்னும் பொத்தானை அழுத்தாதீர்கள். நான் ஒருமுறை அப்படி அழுத்தி, விளையாட்டோடு சேர்த்து ஒரு பிரவுசர் பட்டையையும், பெயர் தெரியாத ஒரு கிளீனரையும் வீட்டுக்குள் அழைத்துவந்தேன். அதை விரட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

திறந்ததும் பிராக்டிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பன்னி ஹில் என்ற தடத்தில் தொடங்குங்கள், அதுதான் எளிது. வெயில், பனிப்பொழிவு, காற்று எல்லாம் மாற்றலாம்; முதலில் வெயில் அடிக்கட்டும், காற்று வேண்டாம். இடது வலது அம்புகள் திருப்ப, மேல் அம்பு கையால் துடுப்புப் போட, கீழ் அம்பு பிரேக், ஸ்பேஸ் பொத்தானை அழுத்திப் பிடித்து விட்டால் குதிக்கும். 1, 2, 3 எண்கள் கேமராவை மாற்றும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. அந்த வாரம் அக்கா பையன் வந்திருந்தான், ஒன்பது வயது. நான் மேல் அம்பை உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டே பன்னி ஹில்லில் இறங்கிக்கொண்டிருந்தேன். பெங்குயினும் இரண்டு கையையும் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. பத்து முறையும் ஏறக்குறைய ஒரே நேரம். பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தவன் கேட்டான்: "ஏன் மாமா எப்பவும் அதையே அழுத்திட்டு இருக்கீங்க? கைய எடுங்க." எடுத்தேன். வலது கீழ் மூலையில் இருந்த வேகமானி ஏறத் தொடங்கியது.

காரணம் எளிது. துடுப்புப் போடுவது மணிக்கு 60 கிலோமீட்டர் வரைக்கும்தான் உதவும். வேகம் அதற்கு நெருங்க நெருங்க உதவி குறைந்துகொண்டே வந்து, 60ஐத் தாண்டியதும் அதே துடுப்பு பெங்குயினைப் பின்னுக்கு இழுக்கும். அதாவது நான் பத்து முறையும் பிரேக்கைப் பிடித்தபடி பந்தயம் ஓட்டியிருக்கிறேன். எனவே கிளம்பும்போதும், மோதி வேகம் இழந்த பிறகும் மட்டும் மேல் அம்பு. வேகமானி 60ஐத் தொட்டதும் விரலை எடுத்துவிடுங்கள். வழுவழுவென்ற பனிக்கட்டியில் துடுப்பு பிடிமானம் கிடைக்காமல் வீணாகும், அங்கேயும் எடுத்துவிடலாம். காற்றில் பறக்கும்போது மட்டும் திரும்ப அழுத்துங்கள். சிறகடித்துக் கொஞ்சம் தள்ளிப்போய் விழும்.

தரையை நிறத்தால் படிக்கப் பழகுங்கள். நீலம் கலந்த பனிக்கட்டி வேகம் தரும், ஆனால் திரும்பாது. வெள்ளைப் பனி நடுத்தரம். பாறை உங்களைப் பிடித்து நிறுத்தும். ஆகவே திருப்பத்தைப் பனியில் முடித்துவிட்டு, நேராகிக்கொண்டு பனிக்கட்டிக்குள் நுழைய வேண்டும். கூர்மையாகத் திரும்ப வேண்டிய இடத்தில் கீழ் அம்பையும் பக்க அம்பையும் சேர்த்து அழுத்தினால் பெங்குயின் இன்னும் சாய்ந்து திரும்பும். ஆனால் அதற்கு வேகத்தால் விலை கொடுக்க வேண்டும்.

கோப்பைப் போட்டிகளில் மீன் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் தனித்தனியாக வரம்பு இருக்கும். தடத்தைவிட்டு எட்டிக் கிடக்கும் மீனுக்காகப் போகாதீர்கள். போகிற வழியில் கிடைக்கும் மீன்களை ஒரு கோடாக மனத்தில் இணைத்துக்கொண்டு இறங்கினால் போதும்.

இந்தப் படிக்கு மூன்று நான்கு மாலை கொடுங்கள். பன்னி ஹில்லில் பிரேக்கைத் தொடாமல் இறங்க முடிகிற நாளில் அடுத்த படிக்குப் போகலாம்.

4. கன்ட்ரோலர் வாங்குங்கள், விளையாட்டுக்கு முன்னால்

ஸ்டீப்பைக் கீபோர்டில் விளையாடலாம் என்று கடைப் பக்கம் சொல்லும். பொய்யில்லை, விளையாடலாம். ஆனால் கீபோர்டில் இடது என்றால் முழு இடது, வலது என்றால் முழு வலது. கொஞ்சமாக இடது என்பது கிடையாது. சறுக்குப் பந்தயமே அந்தக் கொஞ்சத்தில்தான் இருக்கிறது. கன்ட்ரோலரில் குச்சியைக் கால்வாசி சாய்த்தால் ஸ்கீயும் கால்வாசி சாயும்.

எக்ஸ்பாக்ஸ் வகை கன்ட்ரோலரை விண்டோஸ் தானாக அடையாளம் காணும். விலை மலிவான உள்ளூர் பிராண்டுகளும் எக்ஸ்-இன்புட் என்று அட்டையில் போட்டிருந்தால் அப்படியே வேலை செய்யும். நான் 1,400 ரூபாய்க்கு வயர் உள்ளது ஒன்று வாங்கினேன், இன்றுவரை ஓடுகிறது. வயர்லெஸ்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. வந்ததும் பெட்டியைத் தூக்கி எறியாமல், ஒரு நாள் குச்சிகளைச் சோதித்துப் பாருங்கள்: கையை எடுத்த பிறகும் ஆள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் அந்தக் குச்சி பழுது. திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.

5. ஸ்டீப்பை வாங்குவது

யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் பிரான்ஸ் நாட்டு அன்சி நகர ஸ்டூடியோ செய்த விளையாட்டு, 2016 டிசம்பரில் வந்தது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு பெரிய பகுதி திறந்து கிடக்கும். மோன் பிளாங் சிகரத்திலிருந்து ஸ்கீயில், ஸ்னோபோர்டில், பாராகிளைடரில், விங்சூட்டில் இறங்கலாம். நமக்கு வேண்டியது ஸ்கீ மட்டும்.

முதல் பொறி, பதிப்பு. அடிப்படை விளையாட்டில் பந்தயங்கள் நிறைய உண்டு, ஆனால் அவை மலைச்சரிவில் செக்பாயிண்ட் வைத்த பந்தயங்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜயன்ட் ஸ்லாலம், ஸ்லாலம் என்ற போட்டி வகைகள் வேண்டுமென்றால் அவை 2017 டிசம்பரில் வந்த ரோடு டு தி ஒலிம்பிக்ஸ் என்ற விரிவாக்கத்தில் இருக்கின்றன. அது 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸை ஒட்டி வந்தது. நான் அடிப்படைப் பதிப்பை வாங்கிவிட்டு, மெனு மெனுவாக ஒலிம்பிக்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். பதிப்பின் பெயரை நம்பாதீர்கள். கோல்ட் என்றும் வின்டர் கேம்ஸ் என்றும் பெயர்கள் வரும், கடைக்குக் கடை அடங்கும் பொருள் மாறும். பக்கத்தைக் கீழே இழுத்து, இந்தப் பதிப்பில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலில் விரிவாக்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இல்லை.

இரண்டாவது, காலம். இந்த விளையாட்டை முழு விலைக்கு வாங்க எந்தக் காரணமும் இல்லை. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி நடக்கும். இவ்வளவு பழைய விளையாட்டுகளுக்கு விலை பெரிதாகவே இறங்கும். விருப்பப் பட்டியலில் போட்டுவைத்தால் விலை இறங்கும் நாளில் மின்னஞ்சல் வரும். அதுவரை பெங்குயின் இருக்கிறது.

மூன்றாவது, கணக்கு. ஸ்டீமில் வாங்கினாலும் யூபிசாஃப்ட் கனெக்ட் என்ற அந்த நிறுவனத்தின் சொந்தச் சேவையில் கணக்கு கட்டாயம் வேண்டும். இதை வாங்குவதற்கு முந்தைய நாளே திறந்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன். ஸ்டீமில் ஒரு விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க இரண்டு நிபந்தனை: வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் விளையாட்டை அழுத்தியதும் திறக்கிற லாஞ்சர், அதாவது விளையாட்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருளின் ஜன்னலும் அந்த நேரக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குத் திறப்பது, மின்னஞ்சலில் வரும் எண்ணுக்குக் காத்திருப்பது, மறந்த பாஸ்வேர்டை மாற்றுவது, பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டுத் திருத்துவது எல்லாம் அந்த இரண்டு மணிக்குள் கரையும். நான் மலையைப் பார்க்கும்போது 1 மணி 50 நிமிடம் ஆகியிருந்தது. பிறகுதான் லேப்டாப் திக்குகிறது என்று தெரிந்தது.

கணக்குக்கு என்னென்ன வேண்டும்: நீங்கள் தினமும் திறக்கிற ஒரு மின்னஞ்சல், பிறந்த தேதி, இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு ஒரு போன். ஆதார், பான் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது வேறு யாரோ. இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கும்போது மீட்புக் குறியீடுகள் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி, பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்கள். போன் மாற்றும் நாளில் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

நான்காவது, பணம். ஸ்டீம் இந்தியக் கணக்குகளுக்கு ரூபாயில் விலை காட்டும், யுபிஐயில் கட்டலாம். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, விளையாட்டு வரவில்லை என்றால் பதறி இரண்டாவது முறை கட்டாதீர்கள். கடைக்கு உறுதி போகாத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருங்கள். வாங்கிய பிறகு வருகிற ரசீது மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள்.

ஐந்தாவது, குறியீடு விற்கும் தளங்கள். பாதி விலைக்கு ஆக்டிவேஷன் கோடு என்று வருவார்கள். நானும் ஒன்றில் வாங்கினேன். வேறு நாட்டுக்கான குறியீடு, இங்கே ஏறவில்லை. விற்றவர் பதில் சொல்லவில்லை. வெளியே வாங்கிய குறியீட்டுக்கு ஸ்டீமிடம் பணம் கேட்கவும் முடியாது. தள்ளுபடி வரைக்கும் பொறுத்திருந்தால் அதே விலைக்கே கிடைத்திருக்கும்.

இன்னொன்று. ஸ்டீப் எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும், தனியாக விளையாடினாலும். கரண்ட் போய் மோடம் அணைந்தால் மலையும் போய்விடும். பதிவிறக்கக் கோப்பு பல ஜிபி, அதனால் போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்காதீர்கள், தினசரி டேட்டா நடுவழியில் தீர்ந்துவிடும். இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். இறக்கிய பிறகு விளையாட மட்டும் ஹாட்ஸ்பாட் போதும்.

6. முதல் நாள்

கிராஃபிக்ஸை அழகுக்காக ஏற்றாதீர்கள். நடுத்தரத்தில் வைத்து, படம் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். நிழலைக் குறைத்தால் வேகம் கூடும். முகத்துக்கு முன்னால் கேமரா மாட்டியது போன்ற ஒரு பார்வை உண்டு. நன்றாக இருக்கும், ஆனால் முதல் வாரம் அதில் போகாதீர்கள். ஆளின் முதுகு தெரிகிற பார்வையில்தான் சரிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். தலை சுற்றுகிற ஆள் நீங்கள் என்றால் அறை விளக்கைப் போட்டு, திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அரை மணிக்கு மேல் தொடராதீர்கள்.

துணிக்கடை ஒன்று உள்ளே இருக்கிறது. கரடி வேஷம், பளபள ஜாக்கெட் எல்லாம் கண்ணைப் பறிக்கும், சிலவற்றுக்கு உண்மைப் பணமும் கேட்பார்கள். எந்தச் சட்டையும் ஆளை வேகமாக்காது. அக்கா பையன் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

7. கோடு

இனி பந்தயம். குச்சியை முன்னால் தள்ளினால் ஆள் குனிந்து வேகம் எடுப்பான், பின்னால் இழுத்தால் பிரேக். இதைத் தெரிந்துகொண்டதும் எல்லோரும் செய்வது, முன்னால் தள்ளியபடியே முழுத் தடத்தையும் இறங்குவது. பெங்குயினிடம் நான் செய்த அதே தவறு. குனிந்திருக்கும்போது திருப்பம் அகலமாகும், அடுத்த கேட் (தடத்தில் தாண்டிப் போக வேண்டிய வாசல்) கை நழுவும், பிறகு திடீரென்று இழுத்து, மொத்த வேகமும் போய்விடும்.

மலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அது எந்த வழியாக ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வழிதான் வேகம் கிடைக்கும் வழி. கேட்டுகளை வைக்கிறவர்கள் உங்களை அந்த வழியிலிருந்து இடமும் வலமுமாக இழுப்பார்கள். உங்கள் வேலை, கேட்டைத் தாண்டிய உடனே அந்தத் தண்ணீர் வழிக்குத் திரும்பியிருப்பது.

அதற்கு ஒரே வழி சீக்கிரம் திரும்புவது. புதிதாக வருகிறவர் கேட்டை நோக்கி நேராகப் போய், கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் திரும்புவார். அப்போது திருப்பத்தில் பெரும்பகுதி கேட்டுக்குக் கீழே நடக்கும். சரிவில் தள்ளிப்போய், அடுத்த கேட்டுக்கு மேலே ஏற வேண்டிய நிலை வரும். மாறாக, கேட்டுக்கு மேலேயே, கொஞ்சம் வெளிப்பக்கமாக அகன்று, திருப்பத்தைத் தொடங்குங்கள். கேட்டைத் தாண்டும் நொடியில் திருப்பம் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும், மூக்கு அடுத்த கேட்டைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் இது நேரத்தை வீணடிப்பது போலத் தோன்றும். மூன்றாவது கேட்டில் வித்தியாசம் தெரியும்.

பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் திருப்பத்துக்கு முன்னால், ஆள் நேராக இருக்கும்போது பிடியுங்கள். திருப்பத்தின் நடுவில் பிடித்தால் ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கி, பனித்தூள் பறக்கும். திரையில் பார்க்க அழகு. பறக்கிற பனித்தூள் எல்லாம் நீங்கள் இழந்த வேகம்.

மேட்டில் பறப்பதும் அப்படித்தான். காற்றில் இருக்கும்போது திருப்ப முடியாது, வேகமும் கட்டுப்பாட்டில் இல்லை. நிஜ டவுன்ஹில் வீரர்கள் மேடு வரும்போது முழங்காலை மடக்கி, எவ்வளவு குறைவாகப் பறக்கலாம் என்று பார்ப்பார்கள். பந்தயத்தில் குதிக்கிற பொத்தானைத் தொடாதீர்கள். தடமே உங்களைத் தூக்கினால், இறங்குமிடம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிற பக்கமாக மூக்கை வைத்துக்கொண்டு மேட்டை விட்டுக் கிளம்புங்கள். தட்டையான இடத்தில் விழுந்தால் அடி பலமாக இருக்கும், ஆள் உருண்டுவிடுவான்.

பழகும் முறை ஒன்று சொல்கிறேன், எனக்கு இதுதான் பலித்தது. ஒரே பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து முறை நேரத்தைப் பார்க்கவே வேண்டாம், எல்லா கேட்டையும் விழாமல் தாண்டினால் போதும். அடுத்த ஐந்து முறை எந்தெந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். எனக்கு ஒன்பது இடம் வந்தது. பிறகு ஒவ்வொரு இடமாக, இங்கே சீக்கிரம் திரும்பினால் பிரேக் தேவைப்படுமா என்று பார்த்தேன். ஒன்பது நான்கானது. வெண்கலம் வெள்ளியானது அந்த இரவில்தான். ஒவ்வொரு முறையும் முடிந்த பிறகு நீங்கள் வந்த பாதையை மலைமேல் கோடாகப் போட்டுக் காட்டும். அதைத் தவறாமல் பாருங்கள். கோடு பாம்பு போல நெளிந்தால் நல்லது. மரம் அறுக்கும் ரம்பத்தின் பல் போல முனைமுனையாக இருந்தால் கடைசி நேரத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

விழுந்தால் கீழே வரை போய் முடிக்க வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் உடனே மேலே, தொடக்கத்தில் நிற்பீர்கள். இது வசதிதான், ஆனால் பொறியும்கூட. முதல் திருப்பத்தில் சின்னத் தவறு வந்ததும் திரும்பத் தொடங்கிக்கொண்டே இருந்தால், முதல் மூன்று கேட் மட்டும் மனப்பாடமாகும், கடைசிப் பாதி எப்போதும் புதிதாகவே இருக்கும். மூன்றுக்கு ஒரு முறையாவது, எவ்வளவு மோசமாகப் போனாலும், முடிவுக் கோட்டைத் தொட்டுவிட்டு வாருங்கள்.

8. ஒலிம்பிக் தடத்துக்குப் போகும்போது

விரிவாக்கம் வாங்கியவர்கள் ஸ்லாலத்தில் தொடங்க நினைப்பார்கள், வேகம் குறைவாயிற்றே என்று. எனக்கு அது சரிப்படவில்லை. ஸ்லாலத்தில் கேட்டுகள் நெருக்கம், விரல் தாளம் தவறினால் அவ்வளவுதான். டவுன்ஹில்லில் கேட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும், யோசிக்க நேரம் உண்டு. நான் டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜயன்ட் ஸ்லாலம், கடைசியில் ஸ்லாலம் என்ற வரிசையில் போனேன்.

கைக்கும் ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தின் வெங்கன் ஊரில் நடக்கும் லாபர்ஹோர்ன் டவுன்ஹில் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர், உலகக் கோப்பையிலேயே நீளமானது. அதை வீரர்கள் இரண்டரை நிமிடத்தில் முடிக்கிறார்கள், ஒரே ஒரு முறைதான் இறங்குகிறார்கள். நாம் ஓர் இரவில் நாற்பது முறை இறங்குகிறோம். இடது கட்டைவிரலின் அடிமூட்டு முதலில் வலிக்கும். வலித்தால் அன்றைக்குக் கன்ட்ரோலரை வைத்துவிடுங்கள். குச்சியை முட்டும் வரை தள்ளுகிறவர்களுக்குத்தான் அது சீக்கிரம் வரும். கால்வாசி சாய்க்கக் கற்ற பிறகு எனக்கு வலி நின்றுவிட்டது.